ஆறு பேருக்கு அரிப்பு

மாப்பிள்ளையின் அக்கா அழுது யாரும் பார்த்ததில்லை. அவள் கத்தியை எடுத்தால் வெங்காயமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தம்பியின் கல்யாணத்தில் பெண் வீட்டார் போட்ட நாற்காலிகளுக்குக் கால் ஆடுகிறது என்று அவள் தொடுத்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. அப்படிப்பட்ட அக்கா அன்று காலை தம்பியின் மாமியார் வீட்டு வாசலில் மூக்கு சிவந்து, முந்தானை நனைந்து, ஒரு வார்த்தை பேச வராமல் நின்றாள்.

மாமியார் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"உள்ள வாம்மா. அந்த நாற்காலில உட்காரு. கால் ஆடாது, நானே சோதிச்சுட்டேன்."

மாமியார் போலீஸ் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பார்த்தே ஓய்வு பெற்றவர். சட்டையில் கடுகளவு கறை இருந்தால் போதும், அது மனுஷ ரத்தமா, ஆட்டு ரத்தமா, வெறும் வெற்றிலைச் சாறா என்று சொல்லிவிடுவார். 'காட்டேரி' என்று அங்கே அவருக்குப் பெயர். கொலைகாரர்கள்கூட அவர் முன்னால் குரலை உயர்த்தமாட்டார்கள் என்று கேள்வி. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவரும் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குக் காப்பீடு விற்பது பிழைப்பு, துப்பறிவது பிறவிப் பயன். பிழைப்பும் சரியாக நடக்கவில்லை, பயனும் இன்னும் கிட்டவில்லை. ஆனால் ஆர்வத்துக்கு மட்டும் அணை கிடையாது. அக்கா உட்காருவதற்குள் அவர் பேனாவைத் திறந்துகொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

விம்மலுக்கு நடுவே அக்கா சொன்னதைக் கோத்துப் பார்த்தால் விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருக்கும் மருந்துக் கிடங்கு அவள் பொறுப்பு. முந்தாநாள் ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். தொண்டை அடைப்பான், டாக்டர் பாஷையில் டிப்தீரியா. அந்தக் கிருமிக்கு ஒரு கெட்ட குணம். தான் தொண்டையிலேயே திண்ணை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, தன் நஞ்சை மட்டும் இதயம்வரை அனுப்பிவைக்கும். கிருமியைக் கொல்லும் மருந்து ஓடிப்போன நஞ்சைப் பிடிக்காது. அதற்கு நஞ்சுமுறி வேண்டும். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நஞ்சைப் பழக்கினால், குதிரையின் ரத்தம் நஞ்சை மடக்கும் எதிர்ப்பொருளைச் செய்யும். அதைப் பிரித்துக் குப்பியில் அடைத்து வைத்ததுதான் நஞ்சுமுறி.

அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து நஞ்சுமுறிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறாள். டாக்டர் பெட்டியைப் பிரித்தால் உள்ளே வரிசையாக, அழகாக, ஊசிக்குக் கலக்கும் வெறும் தண்ணீர்க் குப்பிகள். ஆம்புலன்ஸ் டிரைவர் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் பறந்து போய் மருந்து வாங்கி வந்தார். குழந்தை பிழைத்ததில் டாக்டருக்கே ஆச்சரியம்.

கிடங்குச் சாவி அக்காவிடம் மட்டும்தான் உண்டு. இன்னொன்று கண்காணிப்பாளரின் இரும்புப் பெட்டியில், முத்திரை உடையாமல் இருக்கிறது. ஆகவே திருடி அக்காதான் என்று கண்காணிப்பாளர் காபி ஆறுவதற்குள் முடிவு கட்டிவிட்டார். வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை புகார் போலீசுக்குப் போகிறது. குழந்தை உயிரோடு விளையாடிய வழக்கு என்பதால் ஜாமீன்கூடச் சிரமம் என்று யாரோ புண்ணியவான் அவளிடம் சொல்லியும் வைத்திருக்கிறார்.

"நான் எடுக்கலை அத்தை. எடுத்து என்ன பண்ணுவேன், ஊறுகாயா போடுவேன்?"

"நல்ல கேள்வி" என்றார் மாமியார். "அதை ஞாபகம் வெச்சுக்கோ. அந்தப் பெட்டியை நீ கடைசியா எப்பத் திறந்து பார்த்த?"

வந்த அன்றைக்குப் பார்த்ததுதான். அதன்பின் திறப்பதில்லை. திறந்தால் மருந்தில் வெப்பம் ஏறும். அதனால் அக்கா தினமும் காலையில் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்ப்பாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் கையே தராசு. ஒரு குப்பி குறைந்தாலும் கை சொல்லிவிடும்.

"இப்படித் தூக்கிப் பார்ப்பேன்னு யார் யாருக்குத் தெரியும்?"

அக்கா யோசித்தாள். கண்காணிப்பாளர் நிலவறைப் படியில் கால் வைத்ததே இல்லை, ஈரம் ஆகாது. ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒரே ஒரு தடவை வந்தான். தினமும் வருகிறவர் மேதை மட்டும்தான், தன் ஆராய்ச்சிக்கு வேண்டிய மருந்துகளை எடுத்துப் போக. "பெட்டியைத் தூக்குறப்ப எல்லாம் சிரிப்பார். என்னம்மா, குழந்தைக்கு எடை பார்க்கிறியான்னு கேப்பார். பெரிய மனுஷன், ஆனா கர்வமே கிடையாது அத்தை."

மேதை யார் என்று தெரியாத ஆள் அந்த ஊரில் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விட்டதில்லை. ஆஸ்பத்திரி மேல்மாடியில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருப்பவர். தொண்டை அடைப்பானுக்கு ஊசி எதற்கு, நாக்கில் நாலு சொட்டு போதும், ஒரே ராத்திரியில் எதிர்ப்பு சக்தி வந்துவிடும் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் நிபுணர் குழுவுக்கு முன் செய்து காட்டியவர். மாலை போட்டுப் போட்டு அவர் கழுத்தே அரை அங்குலம் குறைந்துவிட்டதாக ஊரில் பேச்சு.

"மெக்கானிக் எப்ப வந்தான்?" என்று மாப்பிள்ளை பாய்ந்தார்.

அதுவும் மூன்று வாரத்துக்கு முன்னால்தான். செய்துகாட்டலுக்கு முந்தின நாள் ஃபிரிட்ஜ் ஓடாமல் நின்றுவிட்டது. மருந்தெல்லாம் கெட்டுவிடுமே என்று அக்கா பதறியபோது மேதைதான் தன் கூடத்து ஃபிரிட்ஜில் இடம் கொடுத்தார். சாயங்காலம் மெக்கானிக் சரிசெய்து போனபின், தன் ஆட்களை வைத்தே எல்லாப் பெட்டிகளையும் இறக்கியும் தந்தார்.

மாப்பிள்ளை பேனாவை மூடினார். முகத்தில் நூறு வாட் பல்பு எரிந்தது.

"அத்தை, மெக்கானிக்தான். ஃபிரிட்ஜை அவனே கெடுத்து, அவனே சரி பண்ற சாக்குல உள்ள புகுந்து, மருந்தை மாத்திட்டான்."

மாமியார் மாப்பிள்ளையை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதைக்குக் குறைவில்லை. நம்பிக்கைதான் இல்லை.

"நீங்க போய் அவனை வேவு பார்த்துட்டு வாங்க மாப்பிள்ளை. நல்லது. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

மாப்பிள்ளைக்கு இரண்டிலும் ஆசை. முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்விட்டு, மத்தியானம் வேவு என்று முடிவானது.

ஆஸ்பத்திரி முற்றத்தில் நடக்க இடமில்லை. மெத்தைகள், தலையணைகள், நாற்காலிகள் எல்லாம் வெயிலில் கிடந்தன. மருந்தடிக்கிறவர்கள் முகமூடியோடு திரிந்தார்கள். மூட்டைப்பூச்சி ஒழிப்பு என்று கண்காணிப்பாளர் பெருமையாகச் சொன்னார். போன வாரம் ஊழியர்கள் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் கண்டிருக்கிறது. உடனே நடவடிக்கை எடுத்துவிட்டாராம். அக்கா விஷயத்திலும் உடனே நடவடிக்கை. இந்த மனிதர் யோசிக்கிற வேலையை மட்டும் யாருக்கோ குத்தகைக்கு விட்டிருக்கிறார் என்று மாமியார் மாப்பிள்ளையின் காதோடு சொன்னார்.

மெத்தைகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் டிரைவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மருந்து வாங்கப் பறந்த அதே டிரைவர். மாமியார் அவர் பக்கத்தில் ஒரு மெத்தை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பூச்சி உன்னையும் கடித்ததா என்று கேட்டார்.

"கடிச்சுதான்னு தெரியலைம்மா, தடிப்பு மட்டும் வந்துச்சு. கைவிரல் முட்டி, கால் முட்டி எல்லாம் வீங்கிப் போச்சு. கிளட்ச்சை மிதிக்க முடியலை. ரெண்டு நாள் காய்ச்சல் வேற. இப்ப தேவலை."

"வேற யாருக்கு?"

வாட்ச்மேன், சமையல்காரர், இரண்டு நர்ஸம்மா, லிஃப்ட் ஓட்டுகிற பையன் என்று டிரைவர் விரல் மடக்கினார். தன்னோடு சேர்த்து ஆறு. எல்லாரும் மேதையின் சொட்டு மருந்துக்குக் கை தூக்கினவர்கள். அதில் டிரைவருக்கு ஏகப் பெருமை. மேதை முதலில் ஊழியர்கள் எல்லாருடைய ரத்தத்தையும் பார்த்து, தொண்டை அடைப்பானுக்கு எதிர்ப்பே இல்லாத ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தாராம். சொட்டு இனிப்பாகத்தான் இருந்தது. அதற்குமுன் உடம்பு தாங்க வேண்டுமே என்று இடுப்பில் போட்ட சத்து ஊசிதான் மூன்று நாளைக்கு உட்காரவிடவில்லை.

"சத்து ஊசி யார் போட்டது?"

"ஐயாவே அவர் கையால போட்டார். அவ்வளவு பெரிய மனுஷன்."

மாமியார் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்கோ மெக்கானிக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்று கை பரபரத்தது.

மேல்மாடி வராந்தாவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பெரிய வண்ணப் படம் மாட்டியிருந்தது. கீழே ஒரு விளக்கு வேறு. படத்தில் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு. மேல் வரிசையெல்லாம் சிவப்பு, கீழ் வரிசையெல்லாம் மஞ்சள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேதை வெளியே வந்தார். உயரமான ஆள். கொஞ்சம் சாய்ந்து நிற்பார், யாராவது படம் எடுத்தால் தோதாக இருக்கும் என்று.

அம்மாவுக்கு இதெல்லாம் புரிவது கஷ்டம் என்று ஆரம்பித்து, ஒண்ணாம் வகுப்புக்குச் சொல்வதுபோல விளக்கினார். ஒவ்வொரு குழியிலும் உயிருள்ள செல்கள். அதில் நஞ்சோடு ஒருவருடைய ரத்தச் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரை, கலந்து விடுவார்கள். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் நஞ்சு செத்துப்போகும், செல்கள் பிழைத்து நீரை மஞ்சளாக்கும். இல்லாவிட்டால் செல்கள் சாகும், நீர் சிவப்பாகவே நிற்கும். மேல் வரிசை ஆறு பேரின் பழைய ரத்தம். கீழ் வரிசை சொட்டு விட்ட மறுநாள் எடுத்த ரத்தம்.

"மறுநாளேவா?" என்றார் மாமியார்.

"மறுநாளே."

"ஆச்சரியந்தான். அதுக்கப்புறம் அவங்க ரத்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தீங்களா?"

மேதை சிரித்தார். "பந்தயத்துல ஜெயிச்சவன் மறுபடி ஓடிக் காட்டுவானாம்மா?"

அன்று மத்தியானம் மாப்பிள்ளை மெக்கானிக்கின் பட்டறைக்கு எதிரே ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். லாரி கிளம்பிப் போய்விட்டது. பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தார். தொட்டி நிரம்பி வழிந்தது. நனைந்த கோழிபோல் நின்றவரை மெக்கானிக்கே கூப்பிட்டு உட்காரவைத்து, துண்டு கொடுத்து, பேச்சுக் கொடுத்தான். சாயங்காலம் வீடு திரும்பியபோது மாப்பிள்ளையிடம் துப்பு ஒன்றும் இல்லை. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றுக்கு மட்டும் விலை பேசி முடித்திருந்தார்.

"அது இருக்கட்டும்" என்றார் மாமியார். "மெக்கானிக் ஃபிரிட்ஜைப் பிரிச்சப்ப உள்ள என்ன இருந்துச்சு மாப்பிள்ளை?"

"மருந்து..." என்று தொடங்கிய மாப்பிள்ளை பாதியில் நிறுத்தினார். மருந்தெல்லாம் அப்போது மேல்மாடியில் அல்லவா இருந்தது.

"காலிப் பொட்டியில இருந்து திருடுற அளவுக்கு அவன் கெட்டிக்காரன் இல்லை. உங்களுக்கு ஃபிரிட்ஜ் விக்கிற அளவுக்குத்தான். சட்டைக் கையை மடிங்க. கொஞ்சம் ரத்தம் வேணும்."

மாப்பிள்ளை ஊசியைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். தன் ரத்தத்தில் சந்தேகமா என்று கேட்டார். சந்தேகமே இல்லாத ஒரு ரத்தம் தேவைப்படுகிறது, இந்த வீட்டில் எதையும் எதிர்க்காத ரத்தம் அதுதான் என்றார் மாமியார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்காணிப்பாளரின் அறையில் எல்லாரும் கூடினார்கள். அக்காவை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். குற்றவாளிக்கு முதுகு சாயும் நாற்காலி எதற்கு என்று நினைத்திருப்பார்கள். மேசைமேல் அவள் பெயர் எழுதிய புகார்த் தாள் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மெக்கானிக் கதவோரம் நின்றான். டிரைவர் அவன் பக்கத்தில். மேதை ஜன்னலோரம், வெளிச்சம் முகத்தில் படும்படி. கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தை ஐந்தாவது தடவையாகப் பார்த்தார்.

மாமியார் ஒரு மரத்தாங்கியை மேசைமேல் வைத்தார். அதில் விரலைவிட மெல்லிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள். பக்கத்தில் துணி போட்டு மூடிய இன்னொரு தாங்கி.

"இந்தப் பொண்ணு என்னைக் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி" என்று மாமியார் ஆரம்பித்தார். "எடுத்து என்ன பண்ணுவேன்னு கேட்டா. நஞ்சுமுறியை வெளியில விக்க முடியாது. போதைக்கு ஆகாது. ஊறுகாயும் போட முடியாது. நோயாளி இல்லாத ஒருத்தருக்கு அது எதுக்கு? ஒரே ஒரு உபயோகம் இருக்கு. ஊசி போட்டா, போட்டுக்கிட்டவங்க ரத்தத்துல அன்னைக்கே எதிர்ப்பொருள் இருக்கும்."

மேதை ஜன்னலிலிருந்து திரும்பினார்.

மாமியார் அவரைப் பார்க்கவில்லை. கண்காணிப்பாளரிடமே பேசினார். புது எதிரி வந்தால் உடம்பு அவனைப் பார்த்து, அளவெடுத்து, அதற்கேற்ற ஆயுதம் அடித்து முடிக்க வாரக்கணக்காகும் என்றார். முன்பே பார்த்த எதிரியானாலும் சில நாளாவது பிடிக்கும். பிரம்மாவே வந்து சொட்டு விட்டாலும் மறுநாள் காலையில் ஆயுதம் தயாராகாது.

"மறுநாளே இருந்துச்சுன்னா அது உடம்பு செஞ்சது இல்லை. இரவல் நகை. அந்த நகையை இவங்க இடுப்புல யார் மாட்டிவிட்டதுன்னு டிரைவர் சொல்லிட்டார். சத்து ஊசியாம்."

அவதூறு என்றார் மேதை. குரல் இன்னும் கம்பீரமாகவே இருந்தது. நிபுணர் குழுவே ஏற்றுக்கொண்டதை ஓய்வு பெற்ற ஒரு போலீஸ்காரம்மா எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். கண்காணிப்பாளரும் தலையை ஆட்டினார். நிபுணர் குழுவுக்கும் அவர் அப்படித்தான் தலையாட்டியிருப்பார்.

"போலீஸ்காரம்மா இல்லை, ரத்தம் பார்க்கிறவ" என்றார் மாமியார். "இந்தப் பொண்ணு பெட்டியைத் தூக்கித்தான் பார்ப்பாள்னு தெரிஞ்ச ஆள்தான் காலிப் பெட்டி வைக்காம தண்ணிக் குப்பி வெச்சு எடை கட்டியிருக்கான். கண்காணிப்பாளர் கீழ போனதே இல்லை. மெக்கானிக் வந்தப்போ பெட்டியே கீழ இல்லை. அது மேல, உங்க ஃபிரிட்ஜ்ல, பூட்டின கதவுக்குள்ள அரை நாள் இருந்துச்சு. அதுவும் செய்துகாட்டலுக்கு முந்தின நாள். சந்தேகத்துக்கு இது போதும். நிரூபிக்கப் போதாது. நிரூபணம் இவர் உடம்புல இருக்கு."

அவர் டிரைவரைச் சுட்டினார். டிரைவர் தன் உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"மூட்டைப்பூச்சி கடிச்சா அரிக்கும். முட்டி வீங்குமா? காய்ச்சல் வருமா? வேற வேற வீட்டுல தூங்குற ஆறு பேரை, அதுவும் சொட்டு மருந்து சாப்பிட்ட ஆறு பேரை மட்டும் தேடிக் கடிக்க அந்தப் பூச்சி என்ன பேர் வாசிச்சுக் கூப்பிட்டுதா? ஐயா, நஞ்சுமுறி குதிரையோட ரத்தத்துல செஞ்சது. நஞ்சை எதிர்க்கிற பொருள்தான், ஆனா அதுவே மனுஷ உடம்புக்கு அந்நியம். உடம்பு அதைப் பார்த்து, அளவெடுத்து, வாரக்கணக்குல அதுக்கு எதிரா ஆயுதம் செஞ்சுடும். ரெண்டும் மோதுறப்பத்தான் தடிப்பும் வீக்கமும். எதிர்ப்பொருளைப் பத்தி ஆயுசு முழுக்கப் படிச்ச மனுஷன், தான் போட்ட பொய்க்கும் உடம்பு எதிர்ப்பொருள் செய்யும்கிறதை மறந்துட்டார்."

முதல் குழாயின் அடியில் மாப்பிள்ளையின் சீரம். இரண்டாவதில் டிரைவரிடம் முன்னமே கேட்டு வாங்கியது. தடிப்பு அடங்கின பிறகுதான் எதிர்ப்பொருள் ரத்தத்தில் மிச்சம் நிற்கும் என்பதால், தேவலை என்று டிரைவர் சொன்னதே தனக்கு நல்ல சேதி என்றார். பிறகு இரண்டின் மேலும், தன் பழைய ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கி வந்த குதிரைச் சீரம் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக, கலங்காமல் மிதக்க விட்டார்.

மெக்கானிக்கூடக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தான். மாப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டார். தன் ரத்தம் ஏதாவது ஏடாகூடமாக நடந்து மானத்தை வாங்கிவிடுமோ என்று அவருக்குப் பயம். அது வழக்கம்போல ஒன்றும் செய்யாமல் தெளிவாக நின்றது. டிரைவரின் குழாயில், இரண்டு நீரும் சந்திக்கிற இடத்தில், மெல்ல மெல்ல ஒரு வெள்ளை வளையம் கட்டியது. பாலாடையில் செய்த மோதிரம் மாதிரி.

"குதிரையைப் பார்த்துட்டு வந்த ரத்தம்" என்றார் மாமியார்.

மேதைக்கு முகம் வெளுத்தாலும் மூளை வெளுக்கவில்லை. பாம்புக்கடி மருந்தும் குதிரையில்தான் செய்கிறார்கள், டிரைவருக்கு எப்போதாவது பாம்பு கடித்திருக்கும் என்றார். கண்காணிப்பாளர் கரை கண்ட மாலுமிபோலத் தலையை ஆட்டினார்.

மாமியார் மற்றத் தாங்கியின் துணியை எடுத்தார். ஐந்து குழாய்கள். அவர் முன்பே ரத்தம் வாங்கி, குதிரைச் சீரமும் விட்டு வைத்தவை. ஐந்திலும் ஐந்து வெள்ளை வளையங்கள்.

"வாட்ச்மேன், சமையல்காரர், ரெண்டு நர்ஸ், லிஃப்ட் பையன். எல்லாரையும் ஒரே சமயத்துல பாம்பு கடிச்சுதுன்னா இது ஆஸ்பத்திரியா, பாம்புப் புத்தா?"

மேதை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சாய்ந்து நிற்கும் அழகெல்லாம் போய்விட்டது. குழு சம்மதித்துப் பணம் ஒதுக்கியதும் உண்மையான ஆராய்ச்சியைத் தொடங்குவதாகத்தான் இருந்தேன் என்றார். சொட்டு மருந்து என்றைக்காவது பலித்திருக்கும் என்றார். அறிவியலில் இதெல்லாம் சகஜம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"முதல்ல அறுவடை, அப்புறம் விதையா" என்றார் மாமியார். "நஞ்சைச் செஞ்சது கிருமி. அதை முறிச்சது குதிரை. வலியைத் தாங்கினது இந்த ஆறு பேர். இதுல நீங்க செஞ்சது என்ன, தண்ணிக் குப்பியை அடுக்கினது மட்டுந்தானே? அதையாவது ஒழுங்கா அடுக்கியிருக்கீங்க."

கதவோரத்திலிருந்து டிரைவர் முன்னால் வந்தார்.

"அம்மா, அப்ப அந்தக் குழந்தைக்காக நான் பக்கத்து ஊர் வரைக்கும் தேடிப் போனேனே, அந்த மருந்து..."

"உன் இடுப்புல போட்டதுதான்ப்பா. அதையும் உன் உடம்பு இதுக்குள்ள தள்ளி வெளிய விட்டுருக்கும். யாருக்கும் உதவலை. இனிமே உனக்கு எந்த ஊசி போடறதா இருந்தாலும், குதிரை மருந்து எனக்கு ஒத்துக்காதுன்னு முதல்லயே சொல்லிடு. மத்த அஞ்சு பேர்கிட்டயும் சொல்லு. மறந்தா உயிருக்கே ஆபத்து."

டிரைவர் மேதையைப் பார்த்தார். அடிப்பார் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார், ஆசைப்படவும் செய்தார். டிரைவர் அடிக்கவில்லை. அழுக்குத் தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றிப் போவதுபோல் மேதையின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது, குழந்தையும் பிழைத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு ஒரு பெயர் இருக்கிறது, மேதைக்கோ அதைவிடப் பெரிய பெயர் இருக்கிறது என்று இழுத்தார். அக்கா திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வரட்டும், நடந்ததை நமக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். சொல்லிக்கொண்டே புகார்த் தாளைக் கிழிக்கப் போனார்.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மாப்பிள்ளைக்கு அவள் எழுந்த அந்த விதம் தெரியும். கல்யாண மண்டபத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறார். அன்று அவமானமாக இருந்தது, இன்று நெஞ்சு நிறைந்தது.

"கிழிக்காதீங்க சார். அதுல குழந்தை உயிரைப் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க. நம்பிக்கைத் துரோகம்னு எழுதியிருக்கீங்க. ஒரு வார்த்தை மாத்த வேண்டாம். என்மேல போடத் துணிஞ்சீங்கள்ல, அதையே போடுங்க. பேரை மட்டும் மாத்துங்க."

கண்காணிப்பாளர் மாமியாரைப் பார்த்தார். அங்கே இரக்கம் எதுவும் விளையவில்லை. மெக்கானிக்கைப் பார்த்தார். அவன் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். வேறு வழியில்லாமல் ஒரு புதுத் தாளை எடுத்து, பழையதைப் பார்த்து வரிக்கு வரி எழுதினார். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. பழக்கதோஷம், மேதையின் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் ஐந்து பட்டம் எழுதப் பார்த்தார். கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் ஏறியது, அடுத்த வரியில் இறங்கியது. அப்படியும் இரண்டு பட்டம் மிச்சம்.

"இடம் பத்தலையே" என்றார் பரிதாபமாக.

மாமியார் குழாய்களைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படிப்பையெல்லாம் அடிச்சுடுங்க. போலீஸ்ல அப்பா பேர் மட்டுந்தான் கேப்பாங்க."